ஒப்படைப்பு

அழைப்பில் ஒரு பெண்:
"பெரிய வீடு. பெரிய வீடுன்னு கேட்டா யாரும் சொல்லுவாக."
கானாடுகாத்தானில் அது ஒரு விலாசமா?
சவரிமுத்து அண்ணன் சிரிக்கவில்லை.
பாதி தின்ற தயிர்ச்சோற்றை மூடி
சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார்.
மத்தியானம் இரண்டே கால்.

மேப் முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.
பூட்டு.
அவள் நிற்பதோ அடுத்த தெருவில், பின்வாசலில்.
ஒரு வீடு, இரண்டு தெரு.
சுற்றிவர மூன்று நிமிடம்.
மூச்சு நின்றால் மூளை பொறுப்பது நாலு.
அந்த நாலு நாங்கள் பள்ளத்தூர் தாண்டும்போதே தீர்ந்திருக்கும்.
அதை நினைத்துக்கொண்டு ஓட முடியாது,
அதனால் நினைக்காமல் ஓடினோம்.

ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் வைத்தவன்
இந்த ஊர் நிலைப்படிகளைப் பார்த்ததில்லை.
அடுப்பங்கட்டில் ஒரு தூக்கு,
இரண்டாங்கட்டில் ஒரு தூக்கு,
வளவுக்கு வந்தால்
தண்ணீர் வாளி கவிழ்ந்த தரையில் வெள்ளைக்கண்ணு.
வாட்ச்மேன். ஐம்பத்தெட்டு வயது என்றாள்,
பிறகு அறுபது என்றாள்.
நாளைக்கு ஷூட்டிங்காம். காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாராம்.

ஈரத்தை வேட்டியால் துடைத்து, சட்டையைக் கத்தரித்து,
கையை மார்பில் வைத்தேன்.
நாலாவது அழுத்தலில் விலா எலும்பு ஒன்று முறிந்தது.
அப்பளம் மாதிரி இருக்கும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
இல்லை. அது எது மாதிரியும் இல்லை.
கத்தரித்த சட்டையின் பையில் போன் அடித்தது.
மேனேஜர் சார்.
நின்றது. மறுபடியும்
மேனேஜர் சார்.

"முன்வாசலத் திறங்க," என்றேன்.
பஞ்சவர்ணம் திகைத்தாள்.
"அது மொதலாளிக வந்தாத்தான்."
அண்ணன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் இடுப்பிலிருந்து கொத்தை உருவிக்கொண்டு போனார்.
நான் முப்பது எண்ணி, இரண்டு மூச்சு கொடுத்து,
மறுபடி முப்பது.
தூரத்தில் சாவிகள் ஒவ்வொன்றாகத் தோற்கும் சத்தம்.
ஒன்பதாவதோ பத்தாவதோ பொருந்தியது.
வெளிச்சம் பாய்ந்து வந்ததில்
தரையின் பூக்கள் எல்லாம் சிவப்பு என்று தெரிந்தது.

பின்னால் நான் ஒருத்திதான்.
பையை அவள் கையில் கொடுத்தேன்:
"நான் சொல்றப்ப ரெண்டு தடவ பிதுக்குங்க."
பிதுக்கினாள்.
முப்பத்து நாலு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள்
இப்போது மூச்சும் போட்டாள்.
கோட்டையூர் கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணக்கூடாது என்று
எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.
"அசந்து தூங்குறாரோ?" என்றாள்.
"பிதுக்குங்கம்மா," என்றேன்.

எங்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல அதிகாரமில்லை.
தெரியும்; சொல்லக்கூடாது.
அதை டாக்டர் சொல்லவேண்டும்,
நேரம் பார்த்து, பேனா எடுத்து.
அதுவரை அழுத்து.
கை ஓய்ந்தாலும் அழுத்து,
காரைக்குடிக்குள் ஆட்டோக்காரன் வழிவிடாவிட்டாலும் அழுத்து.
படிவத்தில் எழுதினேன்:
நோயாளியின் நிலை, மாற்றமில்லை.

மூன்று ஐந்துக்கு டாக்டர் சொன்னார்.

பிறகு பொருள்கள் ஒப்படைப்பு.
போன் ஒன்று. வெற்றிலைப் பொட்டலம் ஒன்று.
சாவிக்கொத்து ஒன்று; எண்ணிக்கை பதினேழு.
பஞ்சவர்ணம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்,
கணக்குச் சரிபார்ப்பவள் போல.
"இதுல எங்க வீட்டுச் சாவி இல்லம்மா.
எங்க வீட்டுக்குப் பூட்டே இல்ல."
கைநாட்டு வைத்தாள்.
நீல மையைப் புடவையில் துடைக்க மனமில்லாமல்
விரலை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டியைக் கழுவினோம்.
அண்ணன் டிபனைத் திறந்து முகர்ந்தார், புளித்திருந்தது;
ஆனாலும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.
மூன்றாவது வாயில் கை நின்றது.
"முன்கதவச் சாத்தினோமா?"
"இல்ல."

கருவி கூப்பிட்டது.
புதுவயல். பைக், இரண்டு பேர்.